க்ரூஸ் மாவட்டத்துச் சிற்றூர்களின் வரலாற்றைத் தேடிச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

பாரிஸுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், பிரான்ஸின் நடுப்பகுதியில் க்ரூஸ் மாவட்டம் இருக்கிறது. லா மார்ஷ் என்ற பழைய மாகாணத்தின் பெரும்பகுதியைக் கொண்டு 1790இல் உருவாக்கப்பட்ட இந்த மாவட்டத்தில் மாநகரம் என்று சொல்லத்தக்க ஊர் ஒன்றுகூட இல்லை. தலைநகரான கெரே நம் ஊர்க் கணக்கில் ஒரு சிறு நகரம்தான். மற்றவை ஆற்றங்கரையிலும் மேட்டு நிலங்களிலும் கருங்கல் வீடுகளோடு சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். பிரான்ஸுக்கு வந்து பல ஆண்டுகளாகியும் பாரிஸையும் அதன் புறநகர்களையும் தாண்டாத நம்மவர் பலர் உண்டு. அவர்கள் ஒருமுறையாவது இந்தப் பகுதிக்குப் போய்வர வேண்டும் என்பது என் விருப்பம். போகிறவர்கள் எதை, எந்த வரிசையில், எப்படிப் பார்த்தால் அந்த ஊர்களின் வரலாறு பிடிபடும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இது விட்டுப்போனவர்களின் நிலம். 1851இல் இம்மாவட்டத்தில் ஏறத்தாழ 2,87,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 1,15,000 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆண்டுதோறும் பல்லாயிரம் ஆண்கள் கொத்தனார்களாகவும் கல்தச்சர்களாகவும் சிற்றாள்களாகவும் பாரிஸுக்கும் லியோனுக்கும் கிளம்பிப் போனார்கள். மார்ச் மாதத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, பனிக்காலம் தொடங்கும்போது திரும்புவது வழக்கம். பாரிஸின் அகன்ற சாலைகளும் அவற்றின் இருமருங்கும் எழுந்த கல் மாளிகைகளும் பெரிதும் இவர்கள் உழைப்பால் ஆனவை. எனவே இங்கே ஒரு சிற்றூரின் வரலாற்றைத் தேடுகிறவர், அந்த ஊரில் இருப்பதைப் பார்ப்பதோடு நில்லாமல், அங்கிருந்து யார் போனார்கள், ஏன் போனார்கள், போனவர்கள் எதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்றும் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். அந்தக் கேள்வி இல்லாமல் போனால் அழகான கல்வீடுகளும் பூட்டிய சன்னல்களும் மட்டுமே கண்ணில் படும்.

ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய பிழை, இரண்டு நாளில் பத்து ஊர்களைப் பார்த்துவிட முயல்வது. இம்மாவட்டத்தில் கொம்யூன் எனப்படும் உள்ளாட்சி ஊர்கள் சுமார் 250 இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள ஓரிரண்டு ஊர்களை அதற்குத் துணையாகச் சேர்த்துக்கொள்வதே சரியான முறை. கைத்தொழில் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் ஒபுஸோனை எடுத்துக்கொண்டு, க்ரூஸ் ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கும் ஃபெல்த்தானைச் சேர்த்துக்கொள்ளலாம். இடைக்கால வரலாறு வேண்டுமென்றால் பூர்கனெஃப். ஓவியம் என்றால், க்ரூஸ் ஆறும் செதெல் ஆறும் சேரும் முனையில் கோட்டை இடிபாடுகளோடு நிற்கும் க்ரோஸானும், 1889இல் குளோத் மோனே வந்து தங்கி ஆற்றின் பாறைக் கரைகளைத் திரும்பத் திரும்ப வரைந்த ஃப்ரெஸலினும் பொருத்தமானவை. தொழிலாளர் வரலாறு என்றால் மார்த்தான் நாதோ பிறந்த சூப்ரெபோ.

நாதோவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரை அறியாமல் இந்த நிலத்தை அறிய முடியாது. சூப்ரெபோவைச் சேர்ந்த லா மார்த்தினேஷ் என்ற குக்கிராமத்தில் 1815இல் பிறந்தார். மகன் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்று கொத்தனாரான தந்தை பிடிவாதமாக இருந்தார். வயலில் கை குறையுமே என்று வீட்டில் மற்றவர்கள் தடுத்தார்கள். தந்தையின் பிடிவாதமே வென்றது. 1830இல், 14 வயதில், தந்தையோடு கால்நடையாகப் பாரிஸுக்குப் புறப்பட்டுச் சிற்றாளாக வேலைக்குச் சேர்ந்தார். பகலில் சாரத்தில் ஏறி வேலை செய்துவிட்டு, இரவில் சக தொழிலாளர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். 1849இல் க்ரூஸ் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1851 டிசம்பரில் குடியரசுத் தலைவர் லூயி நெப்போலியன் முழு ஆட்சியையும் கைப்பற்றியபோது கைதாகி நாடுகடத்தப்பட்டு, நீண்ட காலம் இங்கிலாந்தில் வாழ்ந்தார். 1870இல் திரும்பியதும் தன் சொந்த மாவட்டத்துக்கே ஆட்சித்தலைவராக நியமிக்கப்பட்டார். அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1895இல் பூர்கனெஃபில் அச்சாயின. கொத்தனார்கள் நடந்த வழி, தங்கிய நெரிசலான விடுதிகள், வேலைக்கு ஆள் எடுக்கும் கிரேவ் திடலில் விடியற்காலையில் நின்ற கூட்டம் ஆகியவற்றை அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவரே எழுதியிருப்பதால், போவதற்கு முன் அதில் சில பக்கங்களையாவது படித்துவிடுங்கள்.

புறப்படுவதற்கு முன் வீட்டிலிருந்தே செய்ய வேண்டியவை

பயணத்தில் பாதி வேலை வீட்டில்தான் நடக்கிறது. இதில் சோம்பல்படாதவருக்கே ஊர் வாய்திறக்கும்.

முதலில் ஊர்ப்பெயர். பெயரைப் பொருள் தெரிந்து வாசித்தாலே சில நூற்றாண்டுகள் கையில் கிடைத்துவிடும். மூத்தியே என்று தொடங்கும் ஊர் ஒரு துறவி மடத்தைச் சுற்றி வளர்ந்தது. அச்சொல் மடத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பூர்கனெஃப் என்றால் புதிதாக அமைந்த ஊர். லா சூத்தெரென் என்பதற்கு நிலத்தடி என்று பொருள். அங்கே தேவாலயத்துக்கு அடியில் இருக்கும் நிலவறையை நினைத்துக்கொண்டால் பெயர் விளங்கிவிடும். ஷே என்ற சொல்லை அடுத்து ஒரு குடும்பப்பெயர் வந்தால், அந்தக் குக்கிராமம் ஒரு குடும்பத்தின் பண்ணையாகத் தொடங்கியிருக்கக்கூடும். அக் என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் ரோமானியர் கால நிலவுடைமையின் எச்சங்கள். நம் ஊர்களில் மங்கலம் என்றும் பட்டி என்றும் முடிவதைப் பார்த்ததும் நமக்கு எப்படி ஒரு கதை தெரிகிறதோ, அதே முறைதான்.

அடுத்து வரைபடம். பிரான்ஸின் அரசு நிலவரைபடத் தளமான ஜியோபோர்த்தாய் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றைய வான்படத்தின் மேல் 18ஆம் நூற்றாண்டில் கசினி குடும்பத்தார் தயாரித்த வரைபடத்தையும் பழைய ராணுவ வரைபடத்தையும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். எந்தப் பாதை இருநூறு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது, எந்த ஆலை மறைந்துவிட்டது, எந்தத் தரிசு காடாகிவிட்டது என்பதெல்லாம் இதில் தெரியும். க்ரூஸில் குறிப்பாகக் காட்டின் பரப்பைக் கவனியுங்கள். ஆள்கள் போனபின் மேய்ச்சல் நிலங்களைக் காடு மூடிக்கொண்டதை எந்தப் புத்தகத்தையும்விட இந்த வரைபடங்கள் தெளிவாகக் காட்டும்.

மூன்றாவது, ஆவணக் காப்பகம். கெரேயில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகம் தன் முக்கியத் தொகுதிகளை இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றில் புதியவர் பார்க்க வேண்டியவை மூன்று: நெப்போலியன் காலத்தில், 1807ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கப்பட்ட நில அளவை வரைபடங்கள், பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள், 19ஆம் நூற்றாண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியல்கள். நில அளவை வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு உடைமைப் பதிவில் தேடினால் அன்றைய சொந்தக்காரரின் பெயர் கிடைக்கும். கணக்கெடுப்புப் பட்டியல் வீடுவீடாக எழுதப்பட்டிருப்பதால், ஒரு தெருவில் யார் யார் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள் என்பதை வரிசையாக வாசிக்கலாம்.

பதிவேடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானங்களைப் பங்குத்தந்தையர் பதிவுசெய்ய வேண்டும் என்ற ஆணை 1539இல் வில்லேர்-கொத்ரேயில் பிறந்தது. 1792 செப்டம்பரில் அந்தப் பொறுப்பு தேவாலயத்திடமிருந்து நகரமன்றத்துக்கு மாறியது. எனவே அந்த ஆண்டுக்கு முந்தியதைப் பங்குப் பதிவேட்டிலும் பிந்தியதைக் குடிமைப் பதிவேட்டிலும் தேட வேண்டும். 1793 இலையுதிர்காலம் முதல் 1805 முடியும் வரை புரட்சி நாட்காட்டியின்படியே தேதி எழுதப்பட்டிருக்கும். பனி, மழை, அறுவடை ஆகியவற்றின் பெயர் தாங்கிய மாதங்களைக் கண்டு மிரள வேண்டாம், அவற்றை வழக்கமான தேதிக்கு மாற்றித் தரும் அட்டவணைகள் எளிதாகக் கிடைக்கின்றன. பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டுகள் கடந்த பிறகே பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

1840களின் திருமணப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுத்தர் ஒரே வாக்கிய அமைப்பைத்தான் ஒவ்வொரு முறையும் திருப்பி எழுதியிருப்பார். எனவே ஒன்றை வார்த்தை வார்த்தையாகப் படித்துவிட்டால் நூறு பதிவுகள் படிக்க வந்துவிடும். முதலில் நாள், மாதம், மணி; பிறகு நகரமன்றத் தலைவரின் பெயர்; பிறகு மணமகனின் பெயர், தொழில், வயது, பிறந்த குக்கிராமம், பெற்றோர்; அதேபோல் மணமகள்; பிறகு நான்கு சாட்சிகள். தொழில் வரும் இடத்தில் மாசோன், அதாவது கொத்தனார் என்ற சொல் மீண்டும் மீண்டும் வரும். கடைசி வரியைத் தவறாமல் பாருங்கள். கையெழுத்திடத் தெரியாதென்று கூறினர் என்று அங்கே எழுதியிருந்தால், யார் பெயர் அதில் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரின் பதிவேட்டில் முப்பது ஆண்டுகளைப் புரட்டினால் கையெழுத்துகள் மெல்ல மெல்லக் கூடிவருவதைக் கண்ணால் பார்க்கலாம். நாதோவின் தந்தை போன்றவர்களின் பிடிவாதத்துக்கு இதைவிட நேரான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

இதே பதிவேட்டில் இன்னொரு பயிற்சியும் செய்யலாம். பத்து ஆண்டுகளின் திருமணங்களை மாதவாரியாக எண்ணுங்கள். கொத்தனார் ஊர்களில் அவை ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குவிந்திருக்கும். ஆண்கள் வீட்டில் இருந்ததே அந்தச் சில வாரங்கள்தான். பிறகு பிறப்புகளை எண்ணினால் இலையுதிர்காலத்தில் ஒரு மேடு தெரியும். குழந்தை பிறக்கும்போது தகப்பன் பாரிஸில் சாரத்தின் மேல் நின்றிருப்பான். வயலை உழுததும், மாட்டைப் பார்த்ததும், பிள்ளையைப் பெற்றுப் பதிவுக்கு ஏற்பாடு செய்ததும் எல்லாம் பெண்கள். அந்த உழைப்புக்குப் பதிவேட்டில் தனி வரி கிடையாது. மாதங்களை எண்ணிப் பார்க்கிறவருக்கே அது புலப்படும்.

பாரிஸுக்குப் போய் அங்கேயே இறந்தவர்களின் தடத்தைத் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1860க்கு முந்திய பாரிஸ் குடிமைப் பதிவேடுகள் 1871 மே மாதம், அரசை எதிர்த்துப் பாரிஸ் மக்கள் நடத்திய கம்யூன் எழுச்சியின் இறுதி நாட்களில் எரிந்துபோயின. அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே பின்னர் மீட்டெழுத முடிந்தது. ஆகவே அந்தக் கொத்தனார்களைப் பொறுத்தவரை தலைநகரின் ஏடுகளைவிட அவர்களுடைய சொந்த ஊரின் ஏடுகளே நம்பத்தக்க துணை.

போவதும் தங்குவதும்

பாரிஸின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து லிமோஜ் செல்லும் ரயிலில் ஏறி லா சூத்தெரெனில் இறங்கலாம். 1856இல் இந்த வழியாக லிமோஜுக்கு ரயில் வந்தபின்தான் கொத்தனார்களின் நடைப்பயணம் முடிவுக்கு வந்தது. நடந்து போனவர்கள் பனிக்காலத்தில் திரும்பினார்கள். ரயிலில் போனவர்களோ மெல்ல மெல்லக் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். லா சூத்தெரெனில் இறங்கியபின் கார் இல்லாமல் சிற்றூர்களுக்குப் போவது கடினம். பேருந்துகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமைகளில் அநேகமாக எதுவும் இல்லை. நண்பகல் 12 மணிக்குக் கடைகள் மூடிவிடும், 2 மணிக்கு மேல்தான் திறக்கும். திங்கட்கிழமைகளில் பல கடைகள் திறப்பதே இல்லை. சிறிய கொம்யூன்களின் நகரமன்ற அலுவலகம் வாரத்தில் சில அரை நாட்களே திறந்திருக்கும். எனவே கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை போவது நல்லது. நாள் தேர்வு உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது வார இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது நாடு முழுவதும் மரபுரிமை நாட்களாகக் கொண்டாடப்படுவதால், மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் மாளிகைகளும் ஆலைகளும் சிற்றாலயங்களும் அன்று திறந்திருக்கும்.

ஊருக்குள் நுழைந்ததும்

முதலில் நடுத்திடலுக்குப் போய் நில்லுங்கள். தேவாலயம், நகரமன்றம், பள்ளி, போர் நினைவுச்சின்னம், சந்தைத் திடல், பொதுச் சலவைத்துறை ஆகியவை எங்கே இருக்கின்றன என்று பார்த்து ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நகரமன்றமும் பள்ளியும் ஒரே கட்டடமாக இருந்தால், 1881, 1882ஆம் ஆண்டுகளின் கல்விச் சட்டங்களை ஒட்டிய காலத்தில் அது கட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். குடியரசு கிராமத்துக்குள் வந்து உட்கார்ந்த இடம் அது. சந்தைத் திடல் ஊரின் அளவுக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தால், அங்கே ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை கூடியதா என்று விசாரியுங்கள்.

பிறகு போர் நினைவுச்சின்னம். எந்தப் பிரெஞ்சுச் சிற்றூருக்குப் போனாலும் நான் அதிக நேரம் நிற்பது இங்கேதான். 1914 முதல் 1918 வரையிலான போரில் இறந்தவர்களின் பெயர்களை எண்ணுங்கள். ஒரே குடும்பப்பெயர் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். பிறகு இன்றைய மக்கள்தொகையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான பெயர்களுக்கு உரிய ராணுவ அட்டை, மெமுவார் தெஸோம் என்ற அரசுத் தளத்தில் இருக்கிறது. பிறந்த நாள், படைப்பிரிவு, இறந்த இடம் அனைத்தும் அதில் கிடைக்கும்.

க்ரூஸில் இந்தப் படிக்கென்றே ஓர் ஊர் உண்டு. மாவட்டத்தின் தெற்கே, மில்வாஷ் மேட்டு நிலத்தில் உள்ள ஜான்தியூ. பெயர்கள் பொறித்த தூணின் அருகே, வெற்றி தேவதையும் இல்லை, துப்பாக்கி ஏந்திய வீரனும் இல்லை. பள்ளி மேலங்கியும் மரக்காலணியும் அணிந்த ஓர் அநாதைச் சிறுவன் நிற்கிறான். ஒரு கையில் தொப்பி. மற்றொரு கை முட்டியாக இறுகி, கல்லில் வெட்டிய வாசகத்தை நோக்கி நீண்டிருக்கிறது: “போர் நாசமாய்ப் போகட்டும்.” 1922இல் எழுப்பப்பட்ட இந்தச் சின்னத்தைத் திறந்துவைக்க அரசு அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் அது முறையான திறப்புவிழா இன்றியே நின்றது. இன்றும் நவம்பர் 11 அன்று அமைதியை வேண்டுவோர் அங்கே கூடுகிறார்கள். நான் போனது மழை தூறிய ஒரு பிற்பகல். பள்ளி விட்டுப் போகிற வயதிலுள்ள ஒரு பையனின் உயரந்தான் அந்தச் சிலைக்கு. அவன் அருகில் நின்று அவன் பார்க்கும் திசையில் பார்த்தால், அவன் கோபம் அந்த எழுத்துகளின் மேல் இல்லை, மேலே வரிசையாக இருக்கும் பெயர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததன் மேல் என்பது நெஞ்சில் உறைக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள லா கூர்த்தின் ராணுவ முகாமில்தான், 1917இல் பிரான்ஸுக்குப் போரிட வந்திருந்த ரஷ்யப் படையினர் ஆயிரக்கணக்கில் இனிச் சண்டையிட மாட்டோம் என்று மறுத்து நின்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர்கள் பீரங்கியால் அடக்கப்பட்டார்கள். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துப் பாருங்கள்.

கல்லை வாசிப்பது

இங்கே வீடுகள் கருங்கல்லால் ஆனவை. வாசல் நிலையின் மேற்கல்லை நிமிர்ந்து பாருங்கள். ஆண்டும் முதலெழுத்துகளும் அதில் வெட்டப்பட்டிருக்கக்கூடும். சில இடங்களில் கொத்தனாரின் சுத்தியலும் கவராயமும் செதுக்கப்பட்டிருக்கும். அந்த ஆண்டைக் குறித்துக்கொண்டு, வீட்டில் பார்த்துவைத்த நில அளவை வரைபடத்தோடு ஒப்பிட்டால், பாரிஸில் சம்பாதித்த பணம் எப்போது கல்லாக ஊருக்குத் திரும்பியது என்பது விளங்கும். ஃப்ரான்ஸேஷைச் சேர்ந்த மஸ்கோ என்ற குக்கிராமத்தில் இதன் உச்சத்தைக் காணலாம். அங்கே வாழ்ந்த கல்தச்சர் ஃபிரான்சுவா மிஷோ, 1810இல் பிறந்து 1890இல் இறந்தவர், தன் வீட்டுச் சுவர்களிலும் தோட்டத் தூண்களிலும் மனிதர்களையும் விலங்குகளையும் செதுக்கி நிறைத்தார். யாரும் கேட்டுச் செய்ததல்ல; தன் ஊர், தன் கல், தன் விருப்பம். உளியின் தடத்தைக் கிட்ட நின்று பார்க்க முடிகிற இடம் அது.

தேவாலயங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் மூத்தியே-தாஅனுக்குப் போங்கள். மக்கள் கூடும் நடுக்கூடம், கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்டன்டுகளுக்கும் நடந்த சமயப் போர்களில் அழிந்துவிட்டது. அது இருந்த இடத்தில் இப்போது தோட்டம். அலங்கார வாயிலைக் கடந்ததும் கூரை வர வேண்டிய இடத்தில் வானம் வருகிறது. அதற்கப்பால், பலிபீடப் பகுதியில், 1673 முதல் 1681 வரை சிமோன் பாவெர் செதுக்கிய மரவேலை சுவரெங்கும் நிறைந்திருக்கிறது. கதவு பூட்டியிருக்கும் தேவாலயங்களின் சாவி நகரமன்றத்திலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். வணக்கம் சொல்லி மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

ஒபுஸோனில் தறியின் முன்

ஒபுஸோனுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். திரைச்சீலை ஓவியம் நெய்யும் தொழிலுக்கு 1665இல், கொல்பேர் அமைச்சராக இருந்தபோது, அரச தொழிலகம் என்ற பட்டம் இவ்வூருக்குக் கிடைத்தது. இருபது ஆண்டுகளில், 1685இல், புரொட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டுரிமை தந்திருந்த நான்த் ஆணை ரத்தானபோது அச்சமயத்து நெசவாளர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். இங்கேயும் அதே கதை, போனவர்களின் கதை. தொழில் எழுந்தும் விழுந்தும் தொடர்ந்தது. 1939இல் ஓவியர் ழான் லூர்சா வந்து நிறங்களைக் குறைத்து, தடித்த நூலுக்கு ஏற்ற வரைமுறையை வகுத்தபின் மீண்டும் தலைநிமிர்ந்தது. 2009இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் கலைமரபாக ஏற்றது. 2016இல் திறக்கப்பட்ட திரைச்சீலை நகர் என்ற அருங்காட்சியகம் இந்த வரலாற்றை வரிசையாகக் காட்டுகிறது.

அங்கே நெசவு செய்துகாட்டுவதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். தறி கிடைமட்டமானது. பாவு நூல்களுக்கு அடியில் ஓவியத்தின் முழு அளவு வரைபடம் விரிக்கப்பட்டிருக்கும். நெசவாளர் மிதிகளை மாற்றி மாற்றி மிதித்துப் பாவைத் திறந்து, விரலால் நூல்களைப் பிரித்து, நிற நூல் சுற்றிய சிறு கண்டைச் செலுத்துகிறார். அவர் நெய்வது துணியின் பின்பக்கத்தில். முன்பக்கம் கீழ்நோக்கி இருக்கும். எனவே வலது இடதாக மாறிய படத்தையே மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பாவை வெட்டித் தறியிலிருந்து இறக்கும் நாளில்தான் முழுப்படத்தையும் முதல்முறையாக நேரில் பார்ப்பார். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தறிக்குழியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மிதியின் ஓசை உடனே பழகிவிடும். வேறுபாடு அந்தத் தலைகீழ்ப் படத்தில்தான்.

ஊரின் மேல் தெரியும் இடிந்த கோட்டை, ரிஷ்லியூ அமைச்சராக இருந்த காலத்தில் இடிக்கப்பட்டது. அங்கே ஏறினால் ஆறும் பழைய தெருக்களும் ஒரே பார்வையில் தெரியும்.

பூர்கனெஃபைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே பார்க்க வேண்டியவை இரண்டே. ஒன்று, சிசிம் கோபுரம். உதுமானிய சுல்தான் இரண்டாம் பயசீதோடு அரியணைக்குப் போட்டியிட்டுத் தோற்ற தம்பி ஜெம், பிரெஞ்சுக்காரர் வாயில் சிசிம், ரோட்ஸ் தீவின் மருத்துவ வீரர் சபையிடம் தஞ்சம் புகுந்து, அவர்கள் கைதியாகி, 1486 முதல் 1488 வரை இங்கே வைக்கப்பட்டிருந்தார். மற்றொன்று மின்சாரம். 1886இலேயே மின்விளக்கு எரிந்த இந்தச் சிற்றூருக்கு, 1889இல் ழாரோ அருவியிலிருந்து 14 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெரிய நகரங்கள் பலவற்றுக்கு அந்த வெளிச்சம் வருவதற்கு முன்பே இங்கே வந்துவிட்டது.

மனிதர்களிடம் பேசும்போது

கடையிலும் அலுவலகத்திலும் நுழைந்ததும் முதல் சொல் பொன்ஜூராக இருக்கட்டும். அது இல்லாமல் நேரே கேள்வி கேட்டால் முகம் மாறிவிடும். முதியவர்களிடம் நீங்கள் என்ற மரியாதை வடிவத்திலேயே பேசுங்கள். வரலாறு என்று பொதுவாகக் கேட்காமல், பதிவேட்டில் பார்த்த ஒரு குடும்பப்பெயரையோ வரைபடத்தில் பார்த்த ஓர் ஆலையையோ சொல்லிக் கேட்டால் பேச்சு தானாக வளரும்.

இரண்டு விஷயங்களில் நிதானம் வேண்டும். ஒன்று, இரண்டாம் உலகப்போர். கெரே 1944 ஜூன் 7 அன்று எதிர்ப்புப் படையினரால் விடுவிக்கப்பட்டு, இரண்டே நாளில் மீண்டும் ஜெர்மானியர் கைக்குப் போனது. இம்மாவட்டத்தின் ஷபான் மாளிகை போன்ற இல்லங்களில் நூற்றுக்கணக்கான யூதக் குழந்தைகளுக்கு அடைக்கலம் கிடைத்தது. காட்டிக்கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் காப்பாற்றியவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே தெருவில் வாழக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

மற்றொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 1962 முதல் 1984 வரை ரெயூனியன் தீவிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிரெஞ்சு அரசு தாய்நாட்டின் கிராமப்புற மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தது. அவர்களில் பலர் வந்து இறங்கியது கெரேயின் குழந்தைகள் இல்லத்தில். அதனால் அவர்கள் அனைவருக்குமே க்ரூஸின் பிள்ளைகள் என்ற பெயர் நிலைத்தது. ஆள் குறைந்த மாவட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் இதன் நோக்கங்களில் ஒன்று. சிலர் நல்ல குடும்பங்களில் வளர்ந்தார்கள். சிலர் பண்ணைகளில் கூலியில்லா வேலையாட்களாக்கப்பட்டார்கள். பெற்றோரோடு தொடர்பு அறுந்துபோனவர்கள் பலர். 2014 பிப்ரவரியில் பிரெஞ்சு நாடாளுமன்றம் இதில் அரசுக்குள்ள தார்மிகப் பொறுப்பை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. ரெயூனியன் மக்களில் கணிசமானோர் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள் என்பதால், இந்த ஊர்களின் வரலாற்றில் தேடும் தமிழ் வாசகர் இதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் இன்று அறுபது எழுபது வயதில் வாழ்ந்துகொண்டிருக்கும் மனிதர்கள். அவர்களாகச் சொல்ல விரும்பினால் கேளுங்கள். தேடிப்போய்க் கிளற வேண்டாம்.

குறிப்பு எழுதும் முறை

பார்த்ததை அன்றிரவே எழுதிவிடுங்கள். ஆவணத்திலிருந்து எடுத்த ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் காப்பகத்தின் தொகுதி எண்ணையும் படத்தின் எண்ணையும் குறியுங்கள். இல்லையேல் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது கிடைக்காது. ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதையும் ஏட்டில் இருப்பதையும் தனித்தனியே எழுதுங்கள். ஐயம் வந்தால் 1832இல் தொடங்கப்பட்ட க்ரூஸ் இயற்கையியல், தொல்லியல், வரலாற்றுச் சங்கத்தின் பழைய ஆய்வேடுகளைப் புரட்டலாம். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் அவற்றின் பல தொகுதிகள் இலவசமாக இருக்கின்றன. வாசல்கல்லில் நீங்கள் படம் எடுத்த ஆண்டும் பெயரெழுத்துகளும் அவற்றில் எங்கும் இல்லையென்றால், படத்தையும் வீடு இருக்கும் இடத்தையும் ஒரு சிறு கடிதத்தோடு அந்த ஊர் நகரமன்றத்துக்கு அனுப்பிவையுங்கள். கூரை விழுந்துகொண்டிருக்கும் வீடுகள் அங்கே நிறைய. அடுத்த பனிக்காலத்துக்குப் பிறகு அந்தக் கல் அதே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.